ஒரே ஒரு புத்தகம் வாங்கப்போகும் வீட்டுக்காக: சிறுவர் நூல்களுக்கு விமர்சனம் எழுதும் முறை

சில வருடங்களுக்கு முன் ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பற்றி நாலு பந்தி எழுதினேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அன்று இரவே எழுதியது. கண்ணைக் கவரும் படங்கள், எளிய நடை, நல்ல கருத்து என்று புகழ்ந்திருந்தேன். அதைப் பார்த்த ஓர் அம்மா, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், சம்பளம் வாங்கிய கையோடு டவுனுக்குப் போய் அதை வாங்கிவந்தார். மறுவாரம் என்னிடம் வந்து கோபமே இல்லாமல் சொன்னார்: "டீச்சர், எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. புள்ள ரெண்டு பக்கம் பாத்துட்டு வச்சிருச்சு. வேற ஒன்னு வாங்கியிருக்கலாம்ல?"

"வேற ஒன்னு" என்ற அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது. பாடப்புத்தகம் இலவசமாகக் கிடைத்துவிடும். கதைப்புத்தகத்துக்கு அந்த வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவைதான் காசு ஒதுங்கும். நான் எழுதியதை நம்பி அதைச் செலவழித்திருக்கிறார். எழுத்தின் அளவைப் பற்றி நான் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், வேறு புத்தகம் எடுத்திருப்பார்.

அன்றிலிருந்து நான் விமர்சனம் எழுதும் முறையையே மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கும்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இலக்கியக் கூட்டத்தில் வாசிக்கிற கட்டுரைக்கு வேறு முறை இருக்கலாம். இது அம்மா, அப்பா, முன்பள்ளி ஆசிரியை, தம்பி தங்கைக்குப் புத்தகம் தேடும் அக்கா போன்றவர்களுக்காக எழுதும் விமர்சனத்துக்கானது. அவர்கள் மூன்று விஷயங்களைத்தான் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். என் பிள்ளை இதோடு உட்காருமா? தானாக வாசிக்குமா, நான் வாசித்துக் காட்டவேண்டுமா? கையில் கொடுப்பதற்கு முன் நான் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஏதாவது உண்டா?

முதலில், எழுத்தை மூடிவிட்டுப் பாருங்கள்

படக்கதைப் புத்தகம் கைக்கு வந்ததும் வாசிக்கத் தொடங்காதீர்கள். அட்டையிலிருந்து அட்டை வரை படங்களை மட்டும் ஒருதரம் பாருங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளை அப்படித்தான் பார்க்கும். கதை எவ்வளவு தூரம் புரிகிறது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்தோடு வாசியுங்கள். படம் சொன்னதையே எழுத்தும் திருப்பிச் சொல்கிறதா, அல்லது எழுத்து ஒன்றும் படம் இன்னொன்றும் சொல்லி இரண்டும் சேரும்போது கதை முழுமையாகிறதா என்பது அப்போது பிடிபடும். "சிறுமி கிணற்றடிக்குப் போனாள்" என்று எழுதி, சிறுமி கிணற்றடிக்குப் போவதையே வரைந்திருந்தால் அது பாடப்புத்தகப் படம். அதே வரிக்குக் கீழே, அவளுக்குத் தெரியாமல் ஒரு பூனை பின்னால் போவதை வரைந்திருந்தால் பிள்ளைக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று வந்துவிட்டது. நல்ல படக்கதைப் புத்தகங்கள் இந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன.

பக்கம் புரளும் இடத்தையும் கவனியுங்கள். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டுவதால் இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24, 32 என்று எட்டின் மடங்காகவே பக்கம் கொண்டவை. அவ்வளவு சின்ன இடத்தில் கதை சொல்ல வேண்டியிருப்பதால், பக்கத்தைப் புரட்டுவதும் கதை சொல்லும் கருவியாகிறது. வலது பக்கத்தில் ஒரு கேள்வியை விட்டு, புரட்டியதும் இடது பக்கத்தில் விடை வந்தால் பிள்ளையின் கை தானாகவே தாளின் ஓரத்துக்குப் போகும். கேள்வியும் விடையும் எதிரெதிர்ப் பக்கங்களில் கிடந்தால் அந்த ஆவல் அங்கேயே செத்துவிடும். எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிற விஷயம் இது. ஆனாலும் விமர்சனங்களில் இதை ஒருவரும் எழுதுவதில்லை.

இரண்டு பக்கங்களுக்கும் பரந்த படமாக இருந்தால் நடு மடிப்பில் யார் விழுகிறார்கள் என்று பாருங்கள். முக்கியமான முகம் மடிப்புக்குள் போயிருக்கும். இது ஓவியரின் தவறாகவும் இருக்கலாம், பைண்டிங்கின் தவறாகவும் இருக்கலாம். யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, பக்க எண்ணைக் குறிப்பிட்டால் போதும்.

அடுத்ததாக ஒரு சின்னச் சோதனை. இரவில், உங்கள் வீட்டில் இருக்கிற ஒற்றை பல்பின் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்துப் பாருங்கள். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில், பிள்ளை வாசிக்கிற வெளிச்சம் அதுதான். மார்கழி மாதத்தில் பகலிலேயே மூடுபனி இறங்கி காம்பரா இருட்டிவிடும். கருநீலப் பின்னணியில் கறுப்பு எழுத்து, பூப்பூவாக வரைந்ததன் மேல் வெள்ளை எழுத்து எல்லாம் கடை வெளிச்சத்தில் அழகாகத்தான் தெரியும். நான் பஸ் ஜன்னலோரத்தில் ஏமாந்தது இப்படித்தான்.

நம் மலையை வரைந்திருந்தால்

தேயிலைத் தோட்டம் வரும் புத்தகம் என்றால் நமக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் விமர்சகர் "மலையகத்தின் இயற்கை எழில் கொஞ்சும் படங்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நாம் அப்படி எழுதிவிட்டுப் போகக்கூடாது.

தேயிலைச் செடியின் உயரத்தைப் பாருங்கள். கொழுந்து எடுக்கக் கை எட்டவேண்டும் என்பதற்காகவே செடியைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் வைத்திருப்பார்கள். தலைக்கு மேல் வளர்ந்த செடிகளுக்கு நடுவே பெண்கள் நிற்பதுபோல் வரைந்த ஒரு பக்கத்தைக் காட்டியபோது தரம் 2 (இரண்டாம் வகுப்பு) பையன் ஒருவன் உடனே சொன்னான்: "இது தேயில இல்ல டீச்சர், மரம்." கூடை எப்படித் தொங்குகிறது? கயிறு தலையில் மாட்டியிருக்கிறதா, தோளில் அந்தரத்தில் நிற்கிறதா? இடுப்பில் படங்கு, அதாவது செடி கீறாமல் சுற்றும் தடித்த துணி, கட்டியிருக்கிறார்களா? மழையில் என்ன போட்டிருக்கிறார்கள்? லயம் என்றால் ஒரே நீளக் கூரை, வரிசையாகக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை, கீழே கான் என்ற வடிகால். தனித்தனிக் குடிசையாக வரைந்திருந்தால் அந்த ஓவியர் இங்கே வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அதைவிட முக்கியமானது, கதையில் யாருக்குப் பெயர் இருக்கிறது என்பது. பட்டணத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பையனுக்கும் அவனுடைய நாய்க்குட்டிக்கும் பெயர் இருக்கும். அவனுக்கு வழி காட்டுகிற தோட்டத்துச் சிறுமி "ஒரு சிறுமி"யாகவே கடைசிவரை இருப்பாள். சிரித்துக்கொண்டே கூடையோடு நிற்கும் அம்மாக்கள் பின்னணி அலங்காரமாக இருப்பார்கள். வாசிக்கிற நம் பிள்ளை தன்னை அந்தப் பின்னணியில்தான் தேடவேண்டியிருக்கும். ஒரு புத்தகம் இப்படி இருந்தால் அதை எழுதத்தான் வேண்டும். நம் பிள்ளை தானே முடிவெடுத்து, தானே தப்புச் செய்து, தானே சரிசெய்யும் கதை கிடைத்தால் அதையும் சத்தமாக எழுதுங்கள். அப்படிப்பட்ட கதைகள் நமக்கு அபூர்வம்.

சத்தமாக வாசியுங்கள்

மௌனமாக வாசிக்கும்போது தமிழ் ஏமாற்றிவிடும். கண் தாவித் தாவிப் போய்விடும், நாக்கினால் அப்படித் தாவ முடியாது. முழுப் புத்தகத்தையும் வாய்விட்டு வாசியுங்கள், மூச்சுத் திணறுகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளையின் பிரச்சினை ஒரு வரியில் எத்தனை சொல் இருக்கிறது என்பதைவிட, ஒரு சொல் எவ்வளவு நீளம் என்பதுதான். "ஓடியது" என்றால் நாலு எழுத்து. "ஓடிக்கொண்டிருந்தது" என்றால் பத்து எழுத்து. கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகும். ஒரு பக்கத்தில் இப்படி மூன்று சொல் வந்தால் தரம் 2 பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். "எளிய நடை" என்று எழுதுவதற்குப் பதிலாக, புத்தகத்திலேயே நீளமான ஐந்து சொற்களைத் தேடி எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். "பெரும்பாலும் நாலைந்து எழுத்துச் சொற்கள், ஏழெட்டு எழுத்துச் சொல் மூன்றே இடத்தில்" என்று நீங்கள் எழுதினால் ஆசிரியை ஒருவருக்கு எல்லாம் புரிந்துவிடும். படத்தின் ஓரம் வந்துவிட்டதென்று ஒரு சொல்லைப் பாதியில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். வளர்ந்தவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, பிள்ளை அதை இரண்டு சொல்லாக வாசிக்கும்.

அடுத்தது எந்த ஊர்த் தமிழ் என்பது. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பீன்ஸ் வரும், நம் பிள்ளைக்கு அது போஞ்சி. யாழ்ப்பாணத்துப் புத்தகத்தில் அம்மாவும் மகளும் கதைப்பார்கள், நம் வீட்டில் பேசுவார்கள். இதைக் குறையாக எழுதவேண்டாம் என்பது என் கட்சி. பிள்ளை இன்னோர் ஊர்ச் சொல்லைக் கேட்பது நல்லதுதான். ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல ஒருவர் வேண்டுமா என்பது அம்மாவுக்குத் தெரியவேண்டும். நம் பேச்சில் எழுதிய உரையாடல் என்றால் அது உண்மையில் நம் பேச்சா என்று பாருங்கள். "இருக்குங்க" என்று எல்லா வாயிலும் ஒட்டவைத்தால் அது மலையகத் தமிழ் ஆகிவிடாது. பிள்ளைகள் தங்களுக்குள் பேசுகிறபோது ஒன்று, தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் பேசும்போது இன்னொன்று, அம்மாயியிடம் (பாட்டியிடம்) பேசும்போது வேறொன்று.

நமக்குக் கிடைப்பவற்றில் பாதிக்குமேல் மொழிபெயர்ப்புகள். சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ வந்தவை. மொழிபெயர்ப்பு என்பதற்காகத் தாழ்த்தாதீர்கள், ஆனால் தமிழாகியிருக்கிறதா என்று பாருங்கள். "அவள் ஒரு பெரிய புன்னகையை அணிந்திருந்தாள்" என்று ஒரு புத்தகத்தில் வாசித்தபோது ஒரு பிள்ளை அட்டைக்குத் திரும்பிப் போய் அவளுடைய சட்டையைத் தேடியது. "முகமெல்லாம் சிரிப்பு" என்றிருந்தால் முடிந்திருக்கும். மொழிபெயர்த்தவரின் பெயரும் ஓவியரின் பெயரும் உங்கள் விமர்சனத்தில் கட்டாயம் இருக்கவேண்டும். படக்கதையில் ஓவியர் பாதி ஆசிரியர்.

பிள்ளைகளோடு

எல்லாவற்றிலும் பெரிய படி இதுதான். இதைச் செய்யாமல் நான் இப்போது எதையும் எழுதுவதில்லை.

மூன்று பிள்ளைகள் போதும். நன்றாக வாசிக்கிற ஒன்று, எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒன்று, எழுத்தே தெரியாத ஒன்று. பிள்ளைக் காம்பராவிலோ (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) இஸ்தோப்பிலோ உட்காரலாம். வகுப்பறை வேண்டாம், வகுப்பறையில் பிள்ளைகள் சரியான விடை தேடுவார்கள். நீங்கள் வாசிக்கும்போது ஒரு கண் புத்தகத்திலும் ஒரு கண் அவர்களிலும் இருக்கட்டும். யார் எந்தப் பக்கத்தில் முன்னால் குனிந்தார்கள், எந்தப் பக்கத்தில் வெளியே பார்த்தார்கள், எங்கே கேள்வி கேட்டார்கள், எங்கே நீங்கள் முடிக்குமுன் புரட்டினார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்த உடனேயே குறித்துவையுங்கள். சோறு தின்றுவிட்டு எழுதலாம் என்று விட்டால் பாதி போய்விடும்.

"புடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். டீச்சர் முகத்தைப் பார்த்து "புடிச்சிருக்கு" என்றுதான் சொல்வார்கள். "எந்தப் பக்கத்த மறுபடி பாக்கணும்?" என்று கேளுங்கள். கை நேராக அந்தப் பக்கத்துக்குப் போகும். அந்தப் பக்கம்தான் உங்கள் விமர்சனத்தின் நடு வரி.

ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தைக் காட்டாமல் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். எது நின்றிருக்கிறது, எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒற்றுமையைப் பற்றி நீளமான ஒரு நீதி இருந்தது. எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அது நினைவில்லை. ஆனால் நடுவில் குரங்கு ஒரு பாண் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லோருக்கும் நினைவிருந்தது, எந்தக் கையால் தூக்கியது என்பது உட்பட. நாம் எழுதும் விமர்சனங்கள் அந்த நீதியைப் பற்றித்தான் பேசுகின்றன. "நல்ல கருத்து" என்ற சொல்லை நான் இப்போது எழுதுவதே இல்லை. பரிசளிப்பு விழாவில் அது உதவும், புத்தகம் தேடும் அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், பெயர் வேண்டாம். "தரம் 3 சிறுமி ஒருத்தி" போதும். படம் எடுப்பதாக இருந்தால் வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

நாவல் என்றால்

சிறுவர் நாவலை ஒரே உட்காரலில் முடித்துவிட்டு எழுதக்கூடாது. பிள்ளை அப்படி வாசிக்காது. இரவில் ஒரு அத்தியாயம், பிறகு இரண்டு நாள் இடைவெளி, மறுபடி ஒன்று. நீங்களும் அப்படியே வாசியுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறக்கும்போது யார் யாரென்று நினைவிருக்கிறதா? முதல் பத்துப் பக்கத்தில் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள்? ஏழு பேருக்குமேல் வந்தால் எழுதிவைத்துக்கொள்ளாமல் என்னாலேயே முடிவதில்லை. அத்தியாயம் முடியும் இடத்தில் விளக்கை அணைக்க மனம் வருகிறதா? "இன்னும் ஒன்னு" என்று கேட்கவைக்கிற இடத்தில் முடிகிறதா?

எந்தத் தரத்துக்கு என்று போடுவதில் நிதானம் வேண்டும். தரம் 7இல் இருந்தும் தட்டுத்தடுமாறி வாசிக்கிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள், தரம் 4இலேயே தடித்த நாவலை முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் வாசிக்கும் திறன் ஒன்று, விஷயத்தின் கனம் இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். "தரம் 4 பிள்ளை வாசித்துவிடும், ஆனால் நடுவில் ஒரு மரணம் வருகிறது, பக்கத்தில் யாராவது இருப்பது நல்லது." இப்படி ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

கனமான விஷயங்களை ஒளிக்காதீர்கள். அப்பா குடித்துவிட்டு வருவது, அம்மா மத்திய கிழக்குக்குப் போயிருப்பது, அக்காவைப் படிப்பு நிறுத்திக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்புவது எல்லாம் நாவலில் வந்தால் உடனே "சிறுவருக்கு ஏற்றதல்ல" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வீட்டில் வாழ்கிற பிள்ளைக்கு அது ஏற்கனவே தெரிந்த விஷயம். அதைக் கதையில் பார்ப்பது சில சமயம் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும், சில சமயம் புண்ணைத் தொடுகிற மாதிரியும் இருக்கும். எது நடக்கும் என்று விமர்சகரால் சொல்லமுடியாது. என்ன வருகிறது, எந்த அத்தியாயத்தில் வருகிறது, எவ்வளவு நேரடியாக வருகிறது, பிள்ளையை அந்தரத்தில் விடுகிறதா, யாராவது கையைப் பிடிக்கிறார்களா என்று சொல்லலாம். முடிவெடுப்பது வீட்டிலிருப்பவர்.

ஆனால் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். என் கணக்கு இது: நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கில் நடப்பதை மட்டும் சொல்லலாம். அதற்குப் பிறகு வருவதில் எச்சரிக்கைக்குத் தேவையானதை மட்டும்.

சரித்திரம் தொட்ட நாவல் என்றால் நாலைந்து வருடங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலையகத்துக்கு நம் முன்னோர் வந்ததை 1823இலிருந்து கணக்கிட்டு, 2023இல் 200 வருடம் என்று நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் வந்தது கோப்பித் தோட்டங்களுக்கு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல். ஆகவே 1840இல் ஒரு பாட்டி கொழுந்துக் கூடையோடு நிற்கிறாள் என்று கதையில் வந்தால் அது பிழை. ரயில் பாதை கண்டியை எட்டியது 1867, பதுளையை எட்டியது 1924. குடியுரிமையைப் பறித்த சட்டம் 1948, நம்மில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964. பிள்ளைகள் நாவலில் வாசித்ததைப் பரீட்சையில் எழுதுவார்கள், அதனால் இந்தப் பிழைகளைக் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள்.

இனி எழுதலாம்

ஒரு கற்பனைப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் "பீலியடி நண்டு" என்று இருக்கட்டும். பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய், நாம் தண்ணீர் பிடிக்கிற இடம். நான் முன்பு எழுதிய மாதிரி எழுதினால் இப்படி வரும்:

"சிறுவர்களுக்கான அருமையான படைப்பு இது. வண்ணப் படங்கள் கண்ணைக் கவர்கின்றன. எளிய, இனிய நடையில் அமைந்துள்ளது. இயற்கையை நேசிக்க வேண்டும் என்ற உயரிய கருத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்."

இதில் நண்டைத் தூக்கிவிட்டு யானையை வைத்தாலும் ஒரு வரியும் மாறாது. இப்போது எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கப் போகும் சிறுமி பீலிக்கு அடியில் ஒரு நண்டைப் பார்க்கிறாள். குடம் நிறைவதற்குள் அதை எப்படி வெளியே வரவைப்பது? கதை அவ்வளவுதான். 24 பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரிக்குமேல் இல்லை. முன்பள்ளிப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம், தரம் 2 பிள்ளை எழுத்துக் கூட்டித் தானாக வாசிக்கும். 9ஆம் பக்கத்தில் எழுத்தே கிடையாது. கல்லுக்கு வெளியே ஒரு கொடுக்கு மட்டும் தெரிகிறது. நான் வாசித்துக் காட்டிய ஐந்து பேரும் அங்கே பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்தார்கள். 'புரட்டாதீங்க டீச்சர், நான் புரட்டுறேன்' என்றான் ஒருவன். குறைகள் இரண்டு. 4ஆம், 5ஆம் பக்கங்களில் விடியல் இருட்டின் மேல் கறுப்பு எழுத்து, இரவில் வாசிக்கக் கஷ்டம். அதுவரை பீலி என்றே சொல்லிவந்த கதை 17ஆம் பக்கத்தில் திடீரென்று 'நீர்நிலை' என்கிறது, எல்லாப் பிள்ளைகளும் அங்கே நின்றார்கள். சிறுமி நண்டை வெறுங்கையால் பிடிக்கிறாள்; வாசித்தபின் உங்கள் பிள்ளையும் முயலும், பார்த்துக்கொள்ளுங்கள்."

வரிசையைக் கவனியுங்கள். கதை, யாருக்கு, பிள்ளைகளிடம் நடந்தது, குறை, எச்சரிக்கை. போனில் வாசிக்கிறவர் இரண்டாவது பந்திக்கு வருவாரா என்பது நிச்சயமில்லை, ஆகவே யாருக்கான புத்தகம் என்பது முதல் ஐந்தாறு வரிக்குள் வந்துவிடவேண்டும். ஆசிரியரின் பிறந்த ஊர், பெற்ற பட்டங்கள், முன்னைய நூல்களின் பட்டியல் எதுவும் முன்னால் வேண்டாம். இருநூறு, முந்நூறு சொல் ஒரு படக்கதைக்குப் போதும். நாவலுக்கு ஐந்நூறு வரை போகலாம்.

குறை எழுதும்போது பக்கத்தைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி எழுதாதீர்கள். நம் ஊர் சின்னது. புத்தகம் எழுதியவர் உங்கள் பழைய ஆசிரியராக இருப்பார், ஓவியர் பக்கத்து டிவிஷன்காரராக இருப்பார், வெளியீட்டு விழாவில் நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். "ஆசிரியருக்குச் சிறுவர் உளவியல் தெரியவில்லை" என்று எழுதினால் உறவு முறியும், வாசகருக்கும் ஒன்றும் கிடைக்காது. "12ஆம் பக்கத்தில் நாலு பேர் பேசுகிறார்கள், யார் பேசுகிறார் என்று மூன்று பிள்ளைகளுக்கும் புரியவில்லை" என்று எழுதினால் அடுத்த பதிப்பில் அவரே திருத்துவார். புத்தகம் இலவசமாக வந்ததா, ஆசிரியர் உங்களுக்குத் தெரிந்தவரா என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுப் புகழுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

வாங்குவதற்குத் தேவையான விபரங்களைக் கீழே போடுங்கள்: ஆசிரியர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், வருடம், பக்கம், நீங்கள் வாங்கிய விலையும் வாங்கிய மாதமும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலை நிற்கும் இடம் தெரியவில்லை, மாதம் போடாத விலையால் பயனில்லை. பின்னட்டையில் உள்ள ISBN எண்ணையும் (நூலை அடையாளம் காட்டும் எண்) எழுதுங்கள். 978க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வந்தால் இலங்கையில் பதிவான நூல், 81 அல்லது 93 என்றால் இந்திய நூல். கடைக்காரரிடம் பெயரைச் சொல்வதைவிட அந்த எண்ணைக் காட்டினால் சீக்கிரம் தேடிக் கொடுப்பார். வாங்க வசதியில்லாதவர்களுக்காக, அருகிலுள்ள பொது நூலகத்தில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அட்டையையும் உள்ளே ஒரு பக்கத்தையும் படம் எடுத்துப் போடலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஆனால் 24 பக்கத்தையும் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவது விமர்சனம் ஆகாது, அது அந்த ஓவியரின் உழைப்பை எடுத்துக்கொள்வது.

வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அம்மாயிக்கும் உங்கள் விமர்சனம் போய்ச்சேர வேண்டுமென்றால் இரண்டு நிமிடக் குரல் பதிவாக அனுப்புங்கள். எழுதியதை அப்படியே வாசிக்காமல், பீலியடியில் நின்று சொல்கிற மாதிரி சொல்லுங்கள். வேலை முடிந்து வந்து சமைக்கும்போது கேட்பார்கள்.

நேரத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் கொழும்பில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும், ஒக்டோபர் நம் நாட்டில் வாசிப்பு மாதம். பாடசாலைகள் புத்தகம் தேடும் காலம் அது. கொழும்புக்குப் போகிற யாரிடமாவது பட்டியல் கொடுத்துவிடுவார்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் உங்கள் விமர்சனங்கள் கையில் இருந்தால் அந்தப் பட்டியலில் நல்ல புத்தகம் ஏறும்.

விமர்சனம் போட்ட பிறகும் கொப்பியை மூடிவைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, எதில் எண்ணெய் விரல் பட்டிருக்கிறது, எது புதிதாகவே இருக்கிறது என்று பார்த்து, பழைய விமர்சனத்தின் கீழே தேதி போட்டு இரண்டு வரி சேருங்கள்.

அந்த எறும்பெழுத்துப் புத்தகம் அந்த வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது. அந்தப் பிள்ளை இப்போது தரம் 5. போன மழைக்காலத்தில் தானாகவே எடுத்து, இரண்டு இரவில் முடித்துவிட்டு, நரி ஏன் கடைசியில் பொய் சொல்கிறது என்று என்னிடம் வந்து கேட்டாள். பழைய விமர்சனத்தைத் தேடியெடுத்து அதன் கீழே எழுதிவைத்தேன்: "எழுத்து மிகச் சிறியது. ஒன்பது வயதுக்கு முன் வாங்கவேண்டாம். நரியைப் பற்றிப் பேச ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்."